வசந்தாமணியின் வலது கை

காளியண்ணன் படியில் விழுந்தபோது மருமகள் வசந்தாமணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே இரண்டு மைல் தள்ளி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் அவர்கள் வீடு. கணவன் ஜெகதீஸ்வரன் ரிக் வண்டியோடு ஒடிசாவில் ஆழ்துளைக் கிணறுகளுக்கு போர் போட்டுக்கொண்டிருந்தான். மகள் மதுமதி கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் இருந்தது மாமனாரும் மருமகளும்தான்.

காளியண்ணனுக்கு எழுபத்தொன்பது வயது. ஒன்பது நாளைக்கு முன்புதான் இடது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். வலது கண் முன்பே மங்கல். ஜெகதீஸ்வரன் வீட்டுக்குள்ளேயே டைல்ஸ் போட்டுக் குளியலறை கட்டியிருந்தான். "சோறு திங்கற ஊட்டுக்குள்ள கக்கூசு வெச்சா அது ஊடா?" என்று கிழவர் அதில் கால் வைத்ததில்லை. வாசலில் மூன்று படி இறங்கி, வீட்டின் பக்கவாட்டில் இருந்த பழைய குளியலறைக்குத்தான் போவார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு காலையும் மாலையும் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது வசந்தாமணியின் வேலை.

அன்றைக்கும் அப்படித்தான். முதல் படி இறங்கினார். இரண்டாவது இறங்கினார். மூன்றாவதில் கால் வைக்கும்போது அவள் வலது கையில் முழுப் பாரத்தையும் போட்டார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போனது. விரல்கள் கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் அவை யாருடைய விரல்களோ மாதிரி இருந்தன. கிழவரின் கை அதிலிருந்து நழுவிப் போனது. "ஐயோ அம்மிணி" என்றபடி அவர் வலப்பக்கமாகச் சாய்ந்து, சிமென்ட் வாசலில் இடுப்பு அடிபட விழுந்தார்.

வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிறகு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூச்சு இரண்டு தடவை போய்வரும் நேரம் இருக்கலாம். மூன்றாகவும் இருக்கலாம். கறுப்புக் கண்ணாடி கழன்று ஓரமாகக் கிடந்தது. கிழவர் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தார். அவள் குனியவில்லை. அதற்கப்புறம்தான் கத்தினாள். பக்கத்துக் காட்டு அப்புசாமி அவள் கத்தியதைக் கேட்டு ஓடிவந்தார். அவருடைய காரிலேயே போட்டுக்கொண்டு நாமக்கல் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "எப்படிம்மா விழுந்தாரு?"

"படி ஈரமா இருந்துச்சுங்க" என்றாள் வசந்தாமணி. "வேலைக்கு வர்றவ கழுவி உட்டுட்டுப் போயிட்டா. வழுக்கிருச்சுங்க."

யோசித்துச் சொன்னதல்ல அது. அவள் வாயிலிருந்து தானாக வந்தது. வேலைக்கு வரும் ஆத்தாயி அன்றைக்குப் படியைக் கழுவியது உண்மைதான். ஆனால் கழுவியது காலை ஆறு மணிக்கு. ஆனி மாதத்து வெயிலும் காற்றும் அடித்து, எட்டு மணிக்கு அந்தப் படி கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

*

வசந்தாமணிக்கு இந்த நோவு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. முதலில் மாட்டில் பால் பீச்சும்போதுதான் தெரிந்தது. பாதியில் விரல்கள் மரத்துப் போகும். உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. உள்ளங்கையிலும் பாதத்திலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சில நாள் காலையில் எழுந்தால் உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி வலி. சீப்பைத் தூக்கித் தலை வாரக் கை எழாது. இன்னொரு நாள் ஒன்றுமே இருக்காது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பாள். ஊருக்கு அவள் நோவின் மேல் நம்பிக்கை போனது அந்த நல்ல நாட்களால்தான்.

நாமக்கல்லில் பார்த்தார்கள், ஈரோட்டில் பார்த்தார்கள். ரத்தம் நார்மல். கழுத்து எம்.ஆர்.ஐ. நார்மல். கையில் ஒயர் மாட்டி, சுருக் சுருக் என்று கரண்ட் விட்டுப் பார்த்த நரம்புச் சோதனையும் நார்மல். கெட்ட வியாதி எதுவும் இல்லை என்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டபோது, ஒரு ரிப்போர்ட்டிலாவது ஏதாவது இருக்கக்கூடாதா என்று அவள் சாமியை வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதற்காகக் கூசவும் செய்தாள்.

கடைசியில் சேலத்தில் மூட்டுவாத டாக்டரம்மா ஒருவர்தான் பெயர் சொன்னார். ஃபைப்ரோமயால்ஜியா. "நரம்பு அறுந்தோ நசுங்கியோ போகல. அதனால டெஸ்ட்டுல தெரியாது. வலியைச் சொல்ற ஏற்பாடு உங்க உடம்புல கூடுதலா வேலை செய்யுது. மரமரப்பும் பலமில்லாத மாதிரி இருக்கறதும் இதுல வரும். நீங்க நடிக்கல" என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைக் கேட்டு வசந்தாமணி அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

காளியண்ணனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "பைப்பு சீக்கு" என்றார். வீட்டுக்கு ஒறம்பரை என்று உறவுக்காரர் யார் வந்தாலும் சொல்லுவார். "மவன் போர்ல பைப்பு எறக்கறான், மருமவளுக்குப் பைப்பு சீக்கு. எல்லா டெஸ்ட்டும் நார்மலுங்க. ஆனா வேலைன்னா மட்டும் கை வராது." வந்தவர்கள் சிரிப்பார்கள். வசந்தாமணி காப்பித் தட்டோடு நின்றுகொண்டு தானும் கொஞ்சம் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் வந்தவர்களுக்குச் சங்கடமாகிவிடுமே.

அவளை நம்பிய ஒரே ஆள் ஆத்தாயி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊருக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து காலையில் வந்து வாசல் கூட்டி, மாட்டுக் கட்டுத்தரையில் சாணி வழித்து, துணி துவைத்துவிட்டு ஏழு மணிக்குப் போய்விடுவாள். கையில் எறும்பு ஊர்கிறது என்று வசந்தாமணி முதன்முதலாகச் சொன்னபோது ஆத்தாயி கேட்டுவிட்டு, "கடிச்சாலும் தட்டி உட்டுரலாமுங்க. ஊர்ற எறும்பை என்ன பண்றது?" என்றாள். அதற்கு மேல் அவள் எதையும் கேட்டதில்லை. துணியைப் பிழிவது, தண்ணீர் சுமப்பது, மாவு வாளியைத் தூக்கி வைப்பது எல்லாம் அவளாகவே எடுத்துக்கொண்டாள். கை எழாத நாளில் வசந்தாமணியைப் பின்கட்டில் உட்கார வைத்துத் தலை வாரிச் சடை பின்னி விடுவாள். நல்லெண்ணெயைக் காய்ச்சி விரல் விரலாக உருவிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் தலையில்தான் வசந்தாமணி அந்தப் பழியை ஏற்றிவைத்தாள்.

*

இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் ஆபரேஷன் என்றார்கள். மத்தியானத்துக்குள் நாத்தனார் அறிவுச்செல்வி பள்ளிபாளையத்திலிருந்து வந்து சேர்ந்தாள். வரும்போதே கண் சிவந்திருந்தது.

"எப்படி அண்ணி? கையப் புடிச்சுட்டுத்தானே போனீங்க?"

"புடிச்சுட்டுத்தான் போனேன் செல்வி. படி ஈரம். கால் வழுக்குச்சு." இரண்டாம் தடவை சொல்லும்போது சுலபமாகவே வந்தது.

சாயந்திரம் ஆத்தாயி வந்தாள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பஸ் ஏறி, ஒயர்க்கூடையில் ஒரு தூக்குப்போசியில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வார்டுக்கு வெளியே நடையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நான்கைந்து பேர் உள்ளூர்க்காரர்கள். அறிவுச்செல்வி அவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"கண்ணுத் தெரியாத பெரிய மனுசன் நடக்கற படின்னு தெரியாதா உனக்கு? தண்ணியக் கொட்டி உட்டுட்டுப் போயிட்டயே! துணியப் போட்டுத் தொடைச்சு உட்டா உன் கை தேஞ்சா போயிரும்? இனிமே எங்க ஊட்டுப் பக்கமே வந்துராத."

ஆத்தாயி முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. சுவரோரம் நின்ற வசந்தாமணியிடம் திரும்பினாள்.

"நான் போறப்பவே படி காஞ்சு போச்சுங்களே அம்மிணி? ஏனுங்க, காஞ்சுதானுங்களே இருந்துச்சு?"

வசந்தாமணியின் வலது கை தோள்பட்டை வரைக்கும் சுருசுருவென்று ஏறியது. நடையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்கு நெனப்பில்ல ஆத்தாயி" என்றாள்.

ஆத்தாயி கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

*

பத்து நாள் கழித்துக் காளியண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜெகதீஸ்வரன் ஆபரேஷனுக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டு, வண்டி காட்டுக்குள் நிற்கிறது என்று திரும்பிப் போயிருந்தான். அறிவுச்செல்வி உடன் தங்கினாள். அப்பனைத் தூக்கி உட்காரவைக்க ராசிபுரத்திலிருந்து ஓர் ஆண் வந்துபோனான்.

வசந்தாமணிக்கு அந்த நாட்களைத் தாங்க முடியவில்லை. காரணம், எல்லோரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள். பார்க்க வந்த பெண்கள், "உங்க கண்ணு முன்னால விழுந்துட்டாரே, எப்படித் துடிச்சிருப்பீங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அறிவுச்செல்வி, "அண்ணிக்கும் ஒடம்பு சரியில்லாம, பாவம், தனியா என்ன பண்ணுவாங்க" என்று போனில் அண்ணனிடம் சொன்னாள். ஐந்து வருடமாக அவள் ஏங்கிய வார்த்தை அது. இப்போது அது காதில் விழுந்ததும் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதைவிட அவளை அரித்தது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், விழுவதற்கு அரைமணி நேரம் முன்பு, கிழவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். "கண்ணுல சொட்டு மருந்து உடறதுக்குக்கூட அவளுக்குக் கை நடுங்குதாமா. சோறு அள்ளித் திங்கறப்ப நடுங்கறதில்ல. இந்த நடிப்புக்கு மெடலே குடுக்கலாம்." சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த வசந்தாமணி அதை ஒரு சொல் விடாமல் கேட்டாள். ஒன்பது நாளாக, நாளுக்கு ஆறு தடவை அந்தக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தது அவள்தான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, துளி வெளியே போகாமல் விட்டாள். 'ஒரு நாளைக்கு நான் கையை உட்டாத் தெரியும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இதே சொற்கள்தான். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அப்படியானால் படியில் கை தானாக விட்டதா, அவள் விட்டாளா?

ஆடி மாதம் சேலத்து டாக்டரம்மாவிடம் போகிற நாள் வந்தது. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்ட பிறகும் எழாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் என்னம்மா?"

"இந்த நோவுல, நாம அறியாமயே கை புடிய உட்டுருமுங்களா?"

"உட்டுரலாம். பலமில்லாத மாதிரி ஆயிரும், பொருள் நழுவும். நெறையப் பேரு சொல்றாங்க."

"மனசுல கோவம் இருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "கோவம், தூக்கமில்லாதது, அலுப்பு எல்லாமே இதைக் கூட்டும். ஏன், என்ன ஆச்சு?"

வசந்தாமணி சொன்னாள். ஆத்தாயி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நான் வேணும்னு உடலைன்னு நீங்க சொல்ல முடியுமுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கை விட்டிருக்க முடியும்னு நான் சொல்லலாம்மா. அந்த நேரத்துல உங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு சொல்ல எங்கிட்ட டெஸ்ட் இல்ல. நோவு வந்தவங்களுக்குக் கோவமே வரக்கூடாதுன்னும் இல்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆண்டகளூர் கேட் நிறுத்தம் தாண்டியதும், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டாள். டாக்டரம்மாவிடம் அவள் எதைச் சொல்லாமல் விட்டாளோ, அதில் மட்டும் சந்தேகத்துக்கே இடமில்லை. கை விட்டதைப் பற்றி அவளுக்கு ஆயுசுக்கும் தெரியாமல் போகலாம். ஆத்தாயி மேல் பழி போட்டது நோவு இல்லை. அதற்கு எந்த மரமரப்பும் காரணம் இல்லை.

*

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அறிவுச்செல்வி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, வசந்தாமணி மாமனாரின் கட்டிலருகே போய் நின்றாள். விழுந்த நாளிலிருந்து அவர் அவளோடு அதிகம் பேசவில்லை. பைப்பு சீக்கு என்ற பேச்சும் நின்றுபோயிருந்தது.

"மாமா, படி ஈரமா இல்லீங்க."

கிழவர் கண்ணைத் திறந்தார். இப்போது இடது கண் தெளிவாகத் தெரிந்தது அவருக்கு.

"காஞ்சுதான் இருந்துச்சு" என்றார். "வெறுங்கால்ல நடக்கறவனுக்கு ஈரம் தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

அவர் வேறொன்று கேட்டார். "உன்ற கை உட்டுச்சா, நீ உட்டயா?"

இத்தனை நாள் அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வியை இன்னொருவர் வாயில் கேட்டதும் ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"தெரியலைங்க மாமா. கை செத்துப் போன மாதிரி ஆனது நெசமுங்க. ஆனா நீங்க செல்விகிட்ட போன்ல பேசினதைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். நெம்ப ஆத்திரமா இருந்துச்சுங்க. நீங்க விழுந்ததும் ஒடனே தூக்க வரல. நின்னேன்."

"நின்ன. ஆமா, நின்ன" என்றார் கிழவர். "கீழ கெடந்து பார்த்தேனே. மொகம் மங்கலாத்தான் தெரிஞ்சுது. நிக்கறது தெரிஞ்சுது."

அவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

"அதைச் சொல்லி உன்னையத் தொரத்தி உட்டுட்டா, எனக்கு யாரு சோறு போடுவா? செல்வி எத்தன நாளைக்கு இருப்பா? அதான் சொல்லல. பெரிய மனசெல்லாம் ஒண்ணுமில்ல." அவள் பக்கம் திரும்பி, "ஆத்தாயி மேல ஏன் சொன்ன?" என்றார்.

"பயமுங்க."

"ம். அவளைத் திட்டினதை உள்ள படுத்துட்டு நானும் கேட்டேன். அவ இல்லைன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போய்ச் செல்விகிட்ட சொல்லு. நீயே சொல்லு."

அறிவுச்செல்வி ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் துணியை வாளியில் போட்டாள்.

"எங்கப்பனைக் கீழ போட்டுட்டு இத்தனை நாளா எங்கிட்டச் சோறு வாங்கித் தின்னீங்களா? வேணும்னே உட்டீங்களா?"

"தெரியல செல்வி."

"தெரியலையா? இது என்ன பதிலுங்க அண்ணி?"

அன்று பொழுது சாய்வதற்குள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளிபாளையத்துக்குப் புறப்பட்டுவிட்டாள். போகும்போது அப்பனிடம் சொல்லிக்கொண்டாள். அண்ணியிடம் சொல்லவில்லை. நாத்தனார் சொல்லிவிட்டாள் போல, ஒடிசாவிலிருந்து போன் வந்தது. ஜெகதீஸ்வரன் "ஆத்தாயிகிட்டச் சொல்லிட்டயா?" என்று மட்டும் கேட்டான்.

"நாளைக்குப் போறேனுங்க."

*

ஆத்தாயி வீடு ஒரு மைல் தூரம். வண்டி ஓட்டக் கை நம்பிக்கை தராததால் வசந்தாமணி நடந்தே போனாள். பாதி வழியில் பாதங்களில் எறும்பு ஊரத் தொடங்கிவிட்டது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நான்கடி நடந்து, திரும்பி வந்து மாட்டிக்கொண்டாள்.

ஆத்தாயி அப்போதுதான் கோழிப்பண்ணையிலிருந்து வந்திருந்தாள். இப்போது அங்கே முட்டை பொறுக்கும் வேலை. மருமகள் ஜீவா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணியைப் பார்த்ததும் ஜீவா எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். வசந்தாமணி உட்காரவில்லை.

"ஆத்தாயி, படி காஞ்சுதான் இருந்துச்சு. மாமன் என்ற கையிலிருந்துதான் விழுந்தாரு. நான் பொய் சொல்லிட்டேன்."

ஆத்தாயி கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"காஞ்சுதானுங்களே இருந்துச்சு?"

"ஆமா."

"நல்லாத் தெரியுமுங்களா?"

"நல்லாத் தெரியும்."

ஆத்தாயி வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டுவாள் என்று நினைத்து வந்த வசந்தாமணி, அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஒரு மாசமாச்சுங்க அம்மிணி. மூலையில ஒரு சொட்டுத் தண்ணி நின்னுருக்குமோ, நாந்தான் பார்க்காம வந்துட்டனோன்னு நெனச்சு நெனச்சு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. பெரியவருக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா அந்தப் பாவம் எம்புள்ளைங்க தலையிலல்ல விடியும்னு, கரியகாளியாத்தா கோயிலுக்கு மூணு வெள்ளிக்கெழமை வெறும் வவுத்தோட போய்ட்டு வந்தேன். பண்ணையில முட்டைத் தட்டைத் தூக்கறப்ப என்ற கையும் நடுங்குச்சுங்க. ஏன் நடுங்குதுன்னு சூப்பர்வைசர் கேட்டான்."

வசந்தாமணி நின்ற இடத்திலேயே நின்றாள். பழியை மட்டும்தான் ஆத்தாயி தலையில் போட்டதாக அவள் நினைத்திருந்தாள். தன் மனதில் கிடந்து உறுத்தியதையும் சேர்த்தே அவள்மேல் ஏற்றியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவும் எந்தத் தவறும் செய்யாதவள்மேல்.

"என்னைய மன்னிச்சுரு ஆத்தாயி" என்றாள்.

ஆத்தாயி மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள். அழுகை நின்று, குரலில் கோபம் வந்திருந்தது.

"உங்க கைய உருவி உருவி, எந்த வெரலு எப்ப மரக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. கை உட்டுருச்சு ஆத்தாயின்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானே சொல்லியிருப்பேன் எல்லார்த்துகிட்டயும், அம்மிணி கை அப்படித்தான்னு. எங்கிட்டச் சொல்லாம என்னையவே சொல்லீட்டீங்களே! அத்தன பேரு முன்னால."

"அத்தன பேரு முன்னாலயும் நான் சொல்றேன்."

"சொல்லுங்க" என்றாள் ஆத்தாயி. "எனக்கு வேலை கெடக்குது."

மறுநாள் விடிந்ததும் வசந்தாமணி பால் கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார்கள். ஆத்தாயி படியில் தண்ணீர் கொட்டிக் கிழவரை விழவைத்த கதை சுற்றியதும் அங்கேதான். அப்புசாமியும் நின்றுகொண்டிருந்தார். அவள் கேனை இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எங்க மாமன் விழுந்ததுக்கு ஆத்தாயி காரணமில்லீங்க. படி காஞ்சிருந்துச்சு. என்ற கையிலிருந்துதான் நழுவினாரு. நான் பயந்துக்கிட்டு அவ மேல பொய் சொன்னேன்."

பால் அளப்பவர் பால்மானியைப் பாலில் விட்டபடியே பார்த்தார். பிறகு வரிசையில் பின்னாலிருந்து ஒருத்தி மெதுவாகச் சொல்வது கேட்டது. "கையிலிருந்து நழுவினாரா, நழுவ உட்டாளா? மாமனுக்கும் அவளுக்கும் ஆகாதே." இன்னொருத்தி 'உஸ்' என்றாள். வசந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை. அது பொய் என்று அடித்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு, கேனை இடது கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

*

காளியண்ணன் ஐப்பசியில் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் உள்ளே இருந்த டைல்ஸ் குளியலறைக்கே போனார். வசந்தாமணி பக்கத்தில் வந்தால், "நான் போயிக்கறேன், நீ நில்லு அம்மிணி" என்பார். அவள் கையைப் பிடிப்பதில்லை. ஒறம்பரை வந்தால் அவள் நோவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவை, பள்ளிபாளையத்திலிருந்து வந்த மகள் குழம்பில் உப்பில்லை என்று முணுமுணுத்தபோது, "அவளுக்குக் கை இன்னைக்கு நல்லால்ல, போச்சாது, பரவால்ல, தின்னு" என்றார். அறிவுச்செல்வி மீதியைச் சாப்பிட்டாள். அண்ணியோடு இன்னமும் அவள் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

வசந்தாமணியின் கை அப்படியேதான் இருந்தது. டாக்டரம்மா சொன்னபடி தினமும் கொஞ்சம் நடந்தாள், மாத்திரை சாப்பிட்டாள். சில வாரம் நன்றாக இருக்கும், சில வாரம் சீப்பைத் தூக்க முடியாது. தலையைத் தானே வாரிக்கொள்ள வேண்டியிருந்ததால் முடியைப் பாதியாகக் கத்தரித்துக்கொண்டாள்.

ஆத்தாயி திரும்ப வேலைக்கு வரவில்லை. ஜெகதீஸ்வரன் தீபாவளிக்கு வந்தபோது அவனே நேரில் போய்க் கேட்டான். பண்ணை வேலை பழகிப் போச்சுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். வசந்தாமணி மாத்திரை வாங்க நாமக்கல் போய்க்கொண்டிருந்தாள். ஆத்தாயி ஒரு சாக்குப்பையோடு நின்றாள். லாரிகள் போயின.

"முடிய வெட்டீட்டீங்களாட்ட இருக்குது" என்றாள் ஆத்தாயி.

"ஆமா ஆத்தாயி. வார முடியல."

"கை எப்படீங்க இருக்குது?"

"அப்படியேதான் இருக்குது."

ஆத்தாயி தலையை ஆட்டினாள். நாமக்கல் பஸ் வந்து நின்றது. அவள் சாக்குப்பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் ஏறினாள். வசந்தாமணி இடது கையால் கம்பியைப் பிடித்து முன்வாசலில் ஏறினாள்.